சுமதியின் கண்ணுக்குள் எடுத்த படம்

4-11-68, திங்கள்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை.

கண் ஆஸ்பத்திரி. மகள் சுமதிக்குப் படம். ஆறு வயதுதான், பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவுகிறாள். மாலைக்கண் என்று ஒரு வருஷமாக ஈரல், பொன்னாங்கண்ணி, மீனெண்ணெய். ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் சீமையில் கற்றுவந்த புது முறை. கை நரம்பில் சாய ஊசி. சாயம் கண்ணின் ரத்தக் குழாய்களில் ஓடும்போது பளிச் பளிச்சென்று படம். தலையை நான் பிடித்துக்கொண்டேன். அழவில்லை. "சிரிக்கோணுமாங்க டாக்டரு?" என்றாள்.

முடிந்ததும் டாக்டர் என் வீட்டுக்காரரை, மாமாவை மட்டும் வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். புருஷனிடம்தான் சொல்வார்களாம். நான் பி.எஸ்ஸி. விலங்கியல்.

மாமா: "ஒண்ணுமில்லீங் அம்மணி. பிலிம் கழுவி வரோணுமாம்."

5-11, செவ்வாய்

காலையில் சுமதிக்கு மூத்திரம் பளீர் மஞ்சள். முகத்திலும் லேசாக. மாமா மில்லுக்குப் போயாயிற்று. அத்தை, "மஞ்சக்காமாலை வந்துபோச்சே!" என்று ஒரே கூச்சல்.

நான் ரேஷன் கடைக்குப் போய்வருவதற்குள் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கண்ணில் பச்சிலைச் சாறு விட்டு வந்திருக்கிறார். அந்தக் கண்ணில்! ரத்தச் சிவப்பு. பிள்ளை எரிச்சலில் துடிக்கிறது. அத்தையை வாய்க்கு வந்தபடி பேசினேன். வருத்தமில்லை.

சாயங்காலம் மாமா சாவகாசமாக: "சாயம் அப்படித்தான் வெளியேறும்னு டாக்டரு நேத்தே சொன்னாருங் அம்மணி. மறந்துபோட்டேன்."

"வேற என்னென்ன மறந்தீங்க?"

காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

7-11, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் சுமதியோடு பஸ் ஏறினேன். சிவப்பு வடிந்துவிடும் என்றார் டாக்டர். நல்லவேளை.

பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விழித்திரை ஓரத்திலிருந்து தேய்கிறது. அடியில் உள்ள குழாய்கள் வெளியே தெரிகின்றன. நடுவில் ஒரு வட்டம் நன்றாக இருக்கிறது. மருந்து இல்லை. வட்டம் எத்தனை வருஷம் நிற்கும், தெரியாது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனுங்களே. சொந்தத்துல கலியாணமான்னு கேட்டேன், இல்லைன்னாரு."

இல்லையாம்! அவர் அம்மாவும் என் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள்.

வீட்டில் கேட்டேன். "உன்னைக் கட்டுனதாலதான்னு சொல்றாப்பல ஆயிருமே கண்ணு."

எனக்காகப் பொய்யாம். யார் கேட்டார்கள்? மூன்று நாள் நான் இன்னும் ஈரல் வதக்கிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

8-11, வெள்ளி

வெயில். பள்ளிக்கூடம் போனேன். சுமதி கடைசி வரிசை, இருட்டு மூலை. ஜன்னலோரம் கேட்டேன். "எல்லாருக்கும் ஜன்னலுக்கு எங்க போவேன்?" என்றார் டீச்சர். சுமதி உட்காரும் பலகையை நானே தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலடியில் போட்டேன்.