பத்தொன்பதாவது படி

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. புது வீட்டுக்குப் போனவர்கள்: நான், இவர், மகன் குமார் (பெங்களூரிலிருந்து முதல் ரயிலில்), அவன் கூட்டி வந்த டிசைனர் பெண், மேஸ்திரி முனியப்பா. ஐந்து பேர்.

மாடிப்படி முடிந்துவிட்டது. சுவரிலிருந்து கறுப்புக் கிரானைட் பலகைகள் தனித்தனியாக நீட்டிக்கொண்டு. இடையில் வெறும் ஓட்டை. கைப்பிடி கிடையாது. பாலிஷில் முகம் தெரிகிறது. மிதிக்கிற இடத்தில் முகம் எதற்கு?

"ரெயிலிங் போட்டா ஃப்ளோட்டிங் லுக் போயிடும் ஆண்ட்டி" என்றாள் அந்தப் பெண்.

தங்கச் சுரங்கத்தில் கூண்டில் இறங்கி வேலை செய்தவர் இவர்: "ஷாஃப்ட்ல கேஜ் கேட்டை மூடாம பெல் அடிக்க மாட்டாங்க. இங்க புடிச்சிக்க ஒரு கம்பி இல்ல. இன்னா லுக்குடா இது?"

"அப்பா, இது மைன்ஸ் இல்ல, வீடு."

"அங்க பயமில்லாம எறங்கினேன்டா."

அவள் சிரித்தாள். படம் எடுக்கும்போது இவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். சீ.

படுக்கையறை இரண்டும் மாடியில். இவருக்கு முழங்கால் வலி, சுரங்கத் தூசியால் மூச்சிரைப்பு. 28ஆம் தேதி கிரகப்பிரவேசம். அதன்பின் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

ஒரு நிம்மதி. லாபம், நட்டம், லாபம் என்று எண்ணி ஏறினேன். பத்தொன்பதில் லாபமாக முடிந்தது. பிளானில் பதினெட்டு, நட்டம். போன மாதம் நான் பிடிவாதம் பிடித்து ஒன்று கூட்டச் சொன்னேன். கீழ்ப்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

ஜனவரி 19, திங்கள்

நல்ல வெயில். ராபர்ட்சன்பேட்டையில் வாங்கியது: கற்பூரம், நல்லெண்ணெய், வாழைநார். திரும்பி வந்தால் இவர் விழுந்த சேதி. புது வீட்டில் பெயின்ட் பார்க்கப் போனவர், மாடிப்படி இறங்கும்போது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். கட்டு.

குமாருக்குப் போன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். "எந்தப் படியிலம்மா?" என்றான். எந்தப் படியாக இருந்தால் என்ன என்று வைத்துவிட்டேன்.

இவர் கஞ்சி குடித்துக்கொண்டே: "தரை வந்துடுச்சுன்னு கால வெச்சேன். தரை இன்னும் கீழ இருந்துச்சு."

புரியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

முருகனுக்கு விரதம். இவர் சொன்னது உறுத்தவே, தையல் டேப் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன். மேலிருந்து ஒவ்வொன்றாக அளந்தேன். முதல் பதினேழும் ஏழு அங்குலம். பிறகு நாலு. கடைசி மூன்று. மறுபடி அளந்தேன். அதேதான்.

முனியப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாடி ஒசரம் கூடுமாக்கா? ஒண்ணு சேக்கச் சொன்னீங்க. கீழ்ப்படிய ரெண்டாப் பிரிச்சேன். தரைக்குப் போட்ட கல்லே போட்டேன், படி இருக்கறதே தெரியல பாருங்க." பெருமையாகச் சொல்கிறான்.

"இப்படி ஆகும்னு அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சாமி விஷயம்னீங்க. நான் இன்னா பேசறது?"

நான் வைத்த குங்குமம் இவர் செருப்பில் இழுபட்டு, கல் முழுக்க ஈஷிக்கிடந்தது. துடைத்தேன். போகவில்லை. அவர்கள் லுக்கைப் பார்த்துக் காறித் துப்பினேனே, இது யார் வேலை? முருகனிடம் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் கட்டைச் சொறிந்துகொண்டு, "அப்ப லாபம் எனக்குத்தான் வந்துதா" என்றார். சிரிக்கவும் முடியவில்லை.

குமாருக்கு அனுப்பியது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

தம்பி, அப்பா விழுந்தது கடைசிப் படியில். நான் கூட்டச் சொன்ன படி. நேற்று உன்னைத் திட்டியது பாதி தப்பு. அந்தக் கல்லைப் பெயர்க்கச் சொல்லிவிட்டேன். பதினெட்டே இருக்கட்டும், நட்டமானாலும் பரவாயில்லை. நீ கைப்பிடிக்குச் சரி சொல்லு. சுவர்ப்பக்கம் ஒன்று, திறந்த பக்கம் ஒன்று. படத்தில் எப்படி விழும் என்று அந்தப் பெண்ணைக் கேட்காதே. வெல்டிங்காரர் நாளை பத்து மணிக்கு அளவெடுக்க வருகிறார். அதற்குள் பதில் போடு.