சுருதி கலையாத கிட்டார்

மாஹிரா ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி, தண்ணீர் லாரி ரசீதின் பின்பக்கம் கணவன் அஃப்தாபுக்கு எழுதினாள்:

"என்னங்க, ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. தால்ச்சா ஃப்ரிட்ஜ்ல இருக்கு. நான் குரோம்பேட்டைக்கு அம்மாவைப் பார்க்கப் போறேன், கோவிச்சுக்கிட்டு இல்ல.

நேத்து உங்க செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டாருக்காகச் சண்டை போட்டேனே. 'இந்த விலைக்கு இவ்வளவு கெட்டியா வேற கிடைக்காது, சுருதியே கலையாதுன்னு வாசிக்கிறவங்க எல்லாரும் சொல்றாங்க'ன்னீங்க. நீங்க கிளம்பினதும் வீம்புக்கு ஆறு ஸ்ட்ரிங்கையும் தொளதொளன்னு தளர்த்தி வெச்சேன். ஸாரி. காலைல பார்த்தா ஆறும் விறைப்பா, சுருதியோட நிக்குது. எனக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது. நீங்களும் இன்னும் வரல. இப்ப மறுபடியும் தளர்த்திட்டேன். வந்து பார்த்துட்டு..."

பேனா நின்றது. உள்ளறையில், யாரோ தட்டித் தட்டிப் பார்த்து முறுக்குவதுபோல, ஒரு ஸ்ட்ரிங்கின் ஒலி மெல்ல மெல்ல ஏறி, சரியான சுருதியில் வந்து நின்றது. பிறகு அடுத்தது.

மிச்சமிருந்த ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: "தால்ச்சா வேண்டாம். நேரா அம்மா வீட்டுக்கே வந்துடுங்க."

சீட்டை அவள் ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, கதவின் வெளிப்பக்கம் ஒட்டினாள்.