உன் பெயரில் போகாத பதில்

நேற்று மகள் கைப்பேசியை என் காதருகே நீட்டி, "ம்மா, இது என்னா சத்தம்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். எண்களைச் சுழற்றும் ஓசை, பிறகு நீண்ட கீச்சொலி, அதன்மேல் கரகரப்பு. பழைய மோடம், தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைத் தேடிப் பிடிக்கும் சத்தம். "தெரியலையே" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். தெரியும் என்றால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே லைன். மின்சுற்றுப் பலகைகளில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. புக்கிட் காத்திலில் வாடகைக்கு எடுத்த ஒரே அறை. நான் டவுனில் வளர்ந்தவள், ஆங்கிலம் ஓரளவு வரும். நீ அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவள். மலாய் தடையில்லாமல் பேசுவாய்; ஆங்கிலம் என்றால் வாயை மூடிக்கொள்வாய். ஆனாலும் டிப்ளோமா இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று எங்கோ கேட்டு வந்து, பகுதி நேரப் படிப்பில் என்னையும் இழுத்துச் சேர்த்தது நீதான். "நீ இங்கிலீஷப் பாத்துக்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா" என்றாய்.

வகுப்பு மாதம் ஒருமுறைதான். மற்ற வாரங்களில் விரிவுரையாளர் இணையத்தில் ஒரு கேள்வி போடுவார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒவ்வொருவரும் பதில் எழுத வேண்டும். மற்றவர்களின் பதிலுக்கும் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. வேலை முடிந்ததும் சீருடையோடு பஸ் பிடித்து, டவுனில் ஒரு கடையின் மாடியில் இருந்த சைபர் கஃபேக்கு ஓடுவோம். நீ தமிழில் சொல்வாய். நான் ஆங்கிலமாக்கித் தட்டுவேன். "நான் இவ்ளோ நீளமா சொன்னேன், நீ என்னாடி ஒரு வரியில முடிச்சிட்டே?" என்று சண்டை பிடிப்பாய்.

ஒரு வாரம் வந்த கேள்வி நமக்கென்றே எழுதியது போல் இருந்தது. வேலையாட்கள் பழுதைக் கண்டும் ஏன் வாய் திறப்பதில்லை? நீ யோசிக்கவே இல்லை. "சொன்னவளத்தான் மொதல்ல நிக்க வெச்சுக் கேக்குறாங்க. பழுத யாரும் கேக்கிறதில்ல. அதான்" என்றாய். உனக்கு நடந்ததையே சொன்னாய். எனக்கோ ஒன்றும் தோன்றவில்லை. அன்று மழை. இணைப்பு விழுந்து விழுந்து, மோடத்தின் அந்தக் கீச்சொலியோடு மறுபடி எழுந்தது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பதில்தான் போகும் என்று தெரிந்துவிட்டது. நீ கடைக்காரரிடம் போய் முறையிட்டுக்கொண்டிருந்தாய். நான் உன் பதிலுக்குக் கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் விரிவுரையாளர், வகுப்பிலேயே சிறந்த பதில் என்று என்னைப் பாராட்டியிருந்தார். திரையில் நீ அதை எழுத்துக் கூட்டிப் படித்தாய். என் முகத்தைப் பார்த்தாய். "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாய். பிறகு, "இந்த வாரம் நானே தட்டுறேன், தள்ளு" என்றாய்.

இரண்டு விரலால், ஒரு மணி நேரம். அந்த வாரத் தலைப்பு குழுவாக வேலை செய்வது. தலைவரே தப்பு செய்தால் குழு யாரிடம் போய்ச் சொல்வது என்று உன் ஆங்கிலத்தில் நீ கேட்டிருந்தாய். உடனே ஒருவன், முதலில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா என்று எழுதினான். அதற்குக் கீழே இரண்டு பேர் சிரித்தார்கள். என் கை விசைப்பலகை மேல்தான் இருந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. நீ என்னைத் தள்ளிவிட்டு மெதுவாகத் தட்டினாய்: "சாரி மை இங்கிலிஷ். மை கொஸ்டின் ஸ்டில் தேர்."

பிறகு ஒரு மலாய்த் தோழி, இதே கேள்வி தனக்கும் இருக்கிறது என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் எழுதினேன், அந்தச் சிறந்த பதில் என்னுடையது அல்ல, என் தோழியுடையது என்று. அதைப் படிக்கும் அளவுக்கு உனக்கு ஆங்கிலம் தெரியும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏய், பைத்தியமா ஒனக்கு? மார்க்கு போயிடும் லா!"

"போவட்டும், வுடு."

அனுப்பிவிட்டேன். மதிப்பெண் போனது, விரிவுரையாளர் அதை உன் பெயருக்கு மாற்றினார். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். புக்கிட் காத்திலில் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாய்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ரெண்டு வாரமா நீ சரியா சாப்புடல. நான் கேட்டா ஒடைஞ்சிடுவே, அதான் கேக்கல."

ரோட்டோரமாக நின்று நான் அழுதேன். நீ என் பையை வாங்கி உன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா லா, எல்லாரும் பாக்குறாங்க" என்று முன்னால் நடந்தாய்.

நீ சூப்பர்வைசர் ஆனாய். உன் லைனில் பழுதைக் கண்டு சொன்னவளை யாரும் நிற்க வைத்துக் கேட்டதில்லை. பிறகு கல்யாணமாகி ஜொகூர் போனாய். பிள்ளைகள், வீடு, வேலை என்று இருவருக்கும் ஆண்டுகள் ஓடின. தீபாவளிக்கு ஒரு போன், எப்போதாவது ஒரு கல்யாண வீடு. அடுத்த விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "நீ வரமாட்டே, சும்மா சொல்றே" என்று சிரிப்பாய். ஒருநாள் காலையில் உன் கணவர்தான் போன் செய்தார். மாரடைப்பு என்றாராம் மருத்துவர். நான் கடைசியாகச் சொன்ன விடுமுறைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

நம் வகுப்பு நண்பர்களின் குழு இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. செய்தி வந்த அன்று எல்லாரும் ஆங்கிலத்திலும் மலாயிலும் இரங்கல் எழுதினார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன். இத்தனை காலமாக ஆபீஸில் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அதில் ஒரு சொல்கூட வரவில்லை. கடைசியில் தமிழில் ஒரே வரி தட்டி அனுப்பினேன்: "நீ சொல்லுடி, நான் எழுதுறேன்."

அந்த மலாய்த் தோழி உடனே கேட்டாள், இதற்கு என்ன அர்த்தம் என்று. ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.