போத்தல் நிரப்பும் கை

அன்புள்ள மகளுக்கு,

பேர்ணில் பனி விட்டபாடில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவி நிமிர மதியம் ஒரு மணியாகிவிடும். அப்போது எக்குவடோரில் நீ வேலைசெய்யும் காட்டில் காலை ஏழு. கைபேசியில் நேரலையாக ஓடும் உங்கள் பறவைக் கமராவைத் திறப்பேன்.

அந்தக் குட்டிப் பறவைகளின் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது. போத்தலில் சீனித்தண்ணீர் ஊற்ற ஒரு கை வரும். மணிக்கட்டில் அம்மா கட்டிவிட்ட கோயில் நூல்.

“படிச்சது குருவி எண்ணவோ?” என்று நான் கத்தி இரண்டு வருடமாகிறது. நீ இன்னும் கதைப்பதில்லை.

அம்மா கமரா பார்க்கமாட்டா, அழுகை வந்துவிடும். பின்னேரம் என்னிடம்தான் கேட்பா: “பிள்ளையைக் கண்டனீங்களோ?”

நான்கு நாளாக நூலில்லாத வேறு கை வருகிறது.

“ஓம், கண்டனான்” என்றே சொல்லிக் களைத்துவிட்டேன். நீ கதைக்கவேண்டாம். நாளைக்கு அந்தப் போத்தலை நீ நிரப்பு.

அப்பா