தாய்மாமன் மடி

ஏரியூர்
8.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

யுவராணி எழுதுவது. நானும் இவரும் மகிழனும் நலம். நீங்களும் தெரசா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? தவக்காலம் முடியும்வரை செல்லைத் தொடுவதில்லை என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்களாமே. அண்ணி சொன்னாங்க. அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, முனியப்பன் கோயிலில் மகிழனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள்தான். "உங்கண்ணன் வேதத்துல சேர்ந்துட்டாரே, நம்ம கோயிலுக்கு வருவாராம்மா?" என்று மாமியார் இப்போதே கேட்கிறார். "வருவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கை,
யுவராணி

மொரப்பூர்
15.3.2025

அன்புத் தங்கை யுவாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் கிடைத்தது. மகிழன் நடக்கிறான் என்று அண்ணி சொன்னாள். சந்தோஷம்.

கோபப்படாமல் படி. என்னால் வர முடியாது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு எனக்கு இது இரண்டாவது தவக்காலம். நேற்று இருந்ததைவிட இன்று கொஞ்சமாவது தூய்மையாக இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறேன். காலைப் பூசைக்குப் போய்விட்டுத்தான் பஞ்சர் கடையைத் திறக்கிறேன். வாயில் கெட்ட வார்த்தை வருவதில்லை. கோயில், கிடா வெட்டு என்று கிளம்பினால் அத்தனையும் கலைந்துவிடும். விலகி இருக்கிறவரைக்கும்தான் என்னால் முடிகிறது. பிள்ளைக்காகத் தினமும் செபிக்கிறேன்.

அண்ணன்,
இளம்பரிதி

ஏரியூர்
22.3.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணிக்கு போன் போட்டேன். "ஃபாதரே போகச் சொல்லிட்டாரு யுவா. அங்க நீ கும்பிட வேணாம், தங்கச்சி பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டு வா, அதுல தப்பில்லன்னு இவர்கிட்டயே சொன்னாரு" என்றார்கள். பிறகு உங்களை எது தடுக்கிறது?

நீங்கள் குடியை விட்டபோது உங்கள் சாமிக்கு இங்கிருந்தே கும்பிடு போட்டவள் நான். என் கல்யாணப் பந்தலில் நீங்கள் போதையில் விழுந்து கிடந்தீர்கள். அன்றைக்கும் "எங்கண்ணன்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கு நீங்கள் நல்லவராகிவிட்டீர்கள், தங்கச்சி அழுக்காகிவிட்டாள். என்னைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வளர முடியும் என்றால் அது என்ன புனிதமோ, எனக்குப் புரியவில்லை.

பதில் எழுத வேண்டாம். வந்தால் போதும்.

யுவராணி

மொரப்பூர்
9.4.2025

யுவா,

ஞாயிற்றுக்கிழமை நான் ஏரியூர் வந்தேன். மகிழனுக்கு அண்ணி எடுத்துக் கொடுத்த சட்டையும் கையில் இருந்தது.

கோயில் மேட்டுக்குக் கீழே, வேனுக்குப் பின்னால் மாதேஷ் மாப்பிள்ளையின் பங்காளிகள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் முனிராஜ் என்னைப் பார்த்துவிட்டு, "தாய்மாமன் இல்லாம காது குத்தா? வாங்க மாமா" என்று டம்ளரை நீட்டினார். பிரியமாகத்தான் நீட்டினார். என் கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. வாய்வரைக்கும் கொண்டு போய்விட்டேன்.

குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டு நடந்தேன். மேலே பிள்ளை வீறிட்டு அழுதது கேட்டது. இரண்டு எட்டு வைத்தால் படி. என்னால் ஏற முடியவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

பூசை, விரதம், செபம் எல்லாம் இருந்தும் கை நீண்டது யுவா. உன்னை அழுக்கென்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. குடித்துவிடுவேனோ என்று பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, சாமி பேரைச் சொல்லி எழுதிவிட்டேன். நான் வளர்ந்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. செபிக்க உட்கார்ந்தால் அந்தப் பிள்ளை அழுத சத்தம்தான் கேட்கிறது.

இளம்பரிதி

ஏரியூர்
22.4.2025

அண்ணா,

தவக்காலம் முடிந்துவிட்டது, போனிலும் பேசலாம்; ஆனால் இதை எழுதத்தான் எனக்கு வருகிறது. உங்கள் கடிதத்தை இவரிடமும் காட்டினேன். படித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துகொண்டு "தாய்மாமன் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் உக்கார்றேன் அண்ணி" என்று முனிராஜ் வந்தார், குடித்த வாயோடு. நான் விடவில்லை. மகிழனை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு காது குத்தினார்கள். நீங்கள் கேட்டது அந்த அழுகைதான். இன்னொரு காதுக்கு ஊசியை எடுத்தபோது எழுந்துவிட்டேன். "இது எங்கண்ணன் மடிக்கு" என்றேன். மாமியார் இன்றுவரை என்னிடம் பேசவில்லை. ஒற்றைக் காதில் கம்மலோடு பிள்ளை தெருவில் நடந்தால் ஊரே சிரிக்கிறது.

"யுவா, எனக்கு பயமா இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் காது குத்தை முதலிலேயே மொரப்பூரில் வைத்திருப்பேனே அண்ணா. நல்லவராகப் போகிறவருக்குத் தங்கச்சியிடம் பயத்தைச் சொல்லக் கூடாதா?

வரும் ஞாயிறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இவர் வரவில்லை. அங்கே ஓர் ஆசாரியைச் சொல்லி வையுங்கள். என் கோபம் இன்னும் போகவில்லை, வந்து சண்டை போடத்தான் போகிறேன். நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

யுவா