சொல்லிக்கொண்டு போங்கள்

சிதம்பரம்,
வெள்ளிக்கிழமை

கயல்விழியின் அப்பாவுக்கு,

வினோதினி எழுதுவது. மாமா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். இங்கே குழந்தையும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் இந்தக் காலத்திலும் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு எழுதினாலும் ஒரு நியாயம் உண்டு. நீங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி ரூமில் இருந்துகொண்டு, செம்மங்குப்பத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறீர்களாம். உங்கள் சிநேகிதர் மணவாளன் சொன்னார். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ரூமில் கூட யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

பயப்படாதீர்கள், உங்களைத் திரும்பி வரச் சொல்லி எழுதவில்லை. விஷயம் பள்ளிக்கூடத்தைப் பற்றியது.

கயல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய ஜெயராணி டீச்சருக்கு ஒரு பழக்கம். அழுகிற பிள்ளைகளின் அம்மாக்களை முதலில் வகுப்பிலேயே கடைசியில் உட்கார வைப்பார். பிறகு வராந்தாவுக்கு, பிறகு வேப்பமரத்தடிக்கு, பிறகு கேட்டுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு. பிள்ளை அசந்த நேரம் பார்த்து யாரும் நழுவக் கூடாது. "அழுதாலும் பரவாயில்ல, சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்க" என்பார்.

மற்ற பிள்ளைகளெல்லாம் பழகிவிட்டார்கள். செருப்பை வரிசையாக விடுகிறார்கள், பையை அவரவர் ஆணியில் மாட்டுகிறார்கள், தட்டை எடுத்துக்கொண்டு காலை உப்புமாவுக்கு உட்காருகிறார்கள். அம்மா போகிறேன் என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவள் மட்டும் என் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். நான் இன்னும் வராந்தாவைத் தாண்டவில்லை. எல்லோரும் பிள்ளையைச் சேர்த்தார்கள், நான் என்னையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

பள்ளியில் கொடுத்த புதுப் பையை அவள் தொடவில்லை. "எங்க அப்பா பை வாங்கியாரப் போயிருக்காரு" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன மாதம் அவள் தலையைத் தடவி, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி உனக்குப் பை வாங்கியாந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். பீரோவைத் திறந்து உங்கள் துணிமணி இல்லாததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு இன்னும் தெரியாது.

புதன்கிழமை நான் அவளிடம், மத்தியானம் சோற்றுக்கு முன்னால் வந்துவிடுவேன், கொஞ்ச நேரம் இரு என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா, அப்பா மாரியா?" என்று கேட்டாள். வகுப்பே கேட்டது.

டீச்சர் என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நானே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன். "நீங்க சொன்னா, அம்மாதான் அப்பாவத் தொரத்திட்டாங்கன்னு நெனச்சிக்கும். சொன்னவரே வந்து சொல்லணும்மா" என்றார்.

வடக்கு வீதிப் பக்கம் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. இவளால் இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டேன். அடுத்த வாரமும் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேலை போனால் இவளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அண்ணி முகத்தை உங்களுக்கே தெரியும்.

என்னை விட்டுப் போனதை என்றைக்காவது செரித்துக்கொள்வேன். நாம் இரண்டு பேரும் வளர்ந்தவர்கள், சண்டை போட்டவர்கள். ஐந்து வயதுக் குழந்தையிடம் பை வாங்கப் போகிறேன் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? இதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடக் கேட்டுக்கு வாருங்கள். வீட்டுக்கு வர வேண்டாம். சாக்லேட், பொம்மை எதுவும் வேண்டாம். குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, அப்பா இனிமேல் நம் வீட்டுக்கு வர மாட்டேன், கடலூரில்தான் இருப்பேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவளைப் பார்க்க வருவதாக இருந்தால் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். வராத எண்ணமிருந்தால் பேச்சுக்காகச் சொல்லி வைக்காதீர்கள். அழுவாள். அழட்டும். மற்ற பிள்ளைகளைப் போல அவளும் அழுது பழகிக்கொள்வாள்.

நீங்கள் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நிற்பேன். எனக்கென்று தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குச் சொல்வதிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வினோதினி