நீல விளிம்புக் கோப்பை

அத்தை,

இன்று பழைய துணிப் பையைக் கொட்டியபோது அந்தக் கோப்பை உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டி நின்றது. வெள்ளை எனாமல், நீல விளிம்பு, பிடிக்குக் கீழே பெயர்ந்த ஒரு கறுப்புப் புள்ளி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். உங்கள் வீட்டு மைலோ வாசனை இன்னும் இருப்பது போலவே இருந்தது.

அம்மா இறந்து, ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பும் நின்றபிறகு இந்த மலாய் நாட்டில் வேலை பார்த்த அப்பா என்னை ஊரிலிருந்து இங்கே அழைத்துக்கொண்டார். சுங்கை ஊடாங்கில் அவர் இருந்தது ஆண்கள் மட்டும் தங்கும் விடுதி. அதனால் கோயிலில் பழக்கமான உங்களிடம், ரெம்பியாவில், என்னைக் கொண்டுவந்து விட்டார். உங்கள் மகள் கவிதா அக்கா வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்.

நான் வாசலில் நின்று "ஆண்ட்டி" என்றேன்.

"என்ன ஆண்ட்டி? அத்தைன்னு கூப்பிடு லா. ஒங்கப்பா எனக்குத் தம்பி மாதிரி" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் என் தலையைப் பின்னிக்கொண்டே ஊர்க்கதை கேட்டீர்கள். உங்கள் தாத்தாவும் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்றீர்கள். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு அன்று பேச்சு வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை போட்ட குலசாமியின் பெயரைச் சொன்னேன். நீங்கள் கேட்காமலே எங்கள் தெருவின் பெயரையும் சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த கை கொஞ்சம் நின்றது. "ஓ" என்றீர்கள். பிறகு பின்னி முடித்தீர்கள்.

மறுநாள் காலையில் இந்தக் கோப்பை வந்தது. "இது ஒனக்கு. இதுலயே குடி, வேற எடுக்காத."

எனக்கென்று ஒரு பொருள். அப்பாவுக்குப் போன் செய்தேன். "எனக்குன்னு தனிக் கோப்ப குடுத்திருக்காங்கப்பா."

அப்பா "சரிம்மா. குடிச்சா கழுவித் தனியா வச்சிரு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னைத் தங்கவைக்க வேறு இடம் இல்லாததால்தான் அப்பாவும் காரணத்தைச் சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது.

ஏழு மாதம் அந்தக் கோப்பையை நான் பெருமையாகக் கழுவினேன், அத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கவிதா அக்கா அவசரத்தில் அதில் தண்ணீர் மொண்டிருக்கிறார். உங்கள் குரல் சன்னல் வழியாக வந்தது.

"அது அந்தப் பிள்ள கோப்ப. வைடி."

"ஏம்மா, சும்மா தண்ணிதானே?"

"அவங்க என்ன ஆளுங்கன்னு தெரியுமா ஒனக்கு? அவ கும்புடுற சாமியச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"இந்தக் காலத்துல யாரும்மா சாதி பாக்குறா? ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ பாக்காத. நான் பாக்குறேன்."

என் கையில் உங்கள் சேலை ஈரமாக இருந்தது. அதை உதறிக் கொடியில் போட்டேன். வேறு என்ன செய்வது?

நீங்கள் என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பாசாரில் காய்கறி வாங்கும்போது மலாய் பேச வராமல் நான் விழித்தால், "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று முன்னால் வந்து நின்றீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராப்பகலாகக் காலில் தைலம் தேய்த்தீர்கள். என் உடம்பைத் தொட்ட கைக்கு வராத தீட்டு, என் வாய் பட்ட கோப்பைக்கு எப்படி வந்தது? அதைக் கேட்க எனக்கு வாய் இருந்ததில்லை.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. குளிப்பாட்டியதும் உடை மாற்றியதும் நான்தான். ஒரு மத்தியானம் இருமல் பொறுக்காமல் தண்ணீர் கேட்டீர்கள். டம்ளர்கள் எல்லாம் கழுவாமல் கிடந்தன. பதற்றத்தில் கைக்கு எட்டிய என் கோப்பையில் கொண்டுவந்தேன். விளிம்பைப் பார்த்தீர்கள். இருமிக்கொண்டே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டீர்கள்.

"வேற" என்றீர்கள்.

நான் டம்ளரைக் கழுவி முடிக்கும் வரை நீங்கள் இருமிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. குடித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நல்ல பிள்ள லா நீ."

மூன்று வாரத்தில் போய்விட்டீர்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் அழுதேன். அந்த அழுகைக்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கருமாதி முடிந்து நான் கிளம்பும்போது கவிதா அக்கா கோப்பையைப் பேப்பரில் சுற்றி என் பைக்குள் வைத்தார். "ஒன்னோடத மறந்துட்டுப் போற பாரு." நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வீட்டில் வேறு யார் அதில் குடிக்கப் போகிறார்கள்?

இப்போது அப்பாவும் நானும் சுங்கை ஊடாங்கில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், அவர்கள் எதில் குடிக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஊர் கேட்டார். அப்பா சொல்வதைப் போல மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

"குலசாமி யாரும்மா?"

"தெரியாதுங்கக்கா" என்றேன்.

என் அம்மா மடியில் வைத்து எனக்கு மொட்டை போட்ட சாமியை, அத்தை, தெரியாது என்று சொன்னேன்.